மேடையில் கோபம் கொப்பளித்தால் பெட்டியில் ஓட்டு விழுமா? விஜயகாந்த் முதல் கெஜ்ரிவால் வரை தேர்தல் முடிவுகள் சொல்வது என்ன?

2011 சட்டமன்றத் தேர்தலில் 41 தொகுதிகளில் போட்டி, 29ல் வெற்றி. அடுத்த 2016 தேர்தலில் 104 தொகுதிகளில் போட்டி, ஒன்றில்கூட வெற்றி இல்லை. கட்சித் தலைவருக்கே டெபாசிட் போச்சு.

தேமுதிகவின் இந்த இரண்டு தேர்தல்களுக்கு நடுவில் விஜயகாந்தின் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே ஆவேசம், அதே நாக்கு மடிப்பு, அதே விரல் நீட்டல். முதலில் அவரை உயரத் தூக்கிய அந்தக் கோபம், பிறகு மீம் ஆக மாறியது எப்படி?

தேர்தல் வந்தாலே "நம்ம தலைவர் ஆவேசமா பேசினா ஓட்டு கொட்டும்" என்று ஒரு தரப்பும், "கூட்டம் எல்லாம் ஓட்டா மாறாது" என்று இன்னொரு தரப்பும் டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரை மல்லுக்கட்டுவது வழக்கம். பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. தங்கள் கோபத்தை ஒரு தலைவர் எடுத்துப் பேசினால் மக்கள் கைதட்டுகிறார்கள். அவர் தன் சொந்தக் கோபத்தைக் காட்ட ஆரம்பித்தால் மெல்ல விலகுகிறார்கள். அந்தக் கைதட்டல் சீட்டாக மாறுவதற்கு இன்னும் சில விஷயங்களும் தேவை. விரிவாகப் பார்க்கலாம்.

ஏறுமுகம்: 2005 முதல் 2011 வரை

2005 செப்டம்பர் 14ஆம் தேதி மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார் விஜயகாந்த். ஊழல் அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் தட்டிக் கேட்கும் போலீஸ் அதிகாரியாகத் திரையில் அவரை மக்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அதனால் மேடையில் அவர் கோபப்பட்டபோது யாருக்கும் அது புதுசாகத் தெரியவில்லை. "நம்ம ஆளு கேக்குறாரு" என்றுதான் பட்டது.

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக, அதிமுக இரண்டோடும் சேராமல் தனித்துப் போட்டியிட்டது தேமுதிக. ஜெயித்தது ஒரே தொகுதி, விருத்தாசலம். பாமகவுக்கு நல்ல செல்வாக்கு இருந்த அந்த மண்ணில் ஜெயித்தது விஜயகாந்த். ஆனால் மாநிலம் முழுக்க 8.38 சதவீத வாக்குகள் கிடைத்தன. 2009 மக்களவைத் தேர்தலில் அது சுமார் 10 சதவீதமானது. சீட் ஒன்றும் இல்லை.

2011ல்தான் திருப்பம். அதிமுக கூட்டணியில் சேர்ந்தது தேமுதிக. மின்வெட்டு, விலைவாசி, 2ஜி விவகாரம் என்று அன்றைய திமுக ஆட்சி மீது மக்களுக்குக் கோபம் இருந்த நேரம் அது. 29 இடங்களைப் பிடித்து, திமுகவின் 23ஐ முந்தி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்தப் பிரசாரத்தின்போதே தர்மபுரியில் தன் கட்சி வேட்பாளரை பிரசார வாகனத்தில் வைத்து அவர் அடித்ததாக வீடியோ வெளியாகி பெரிய சர்ச்சையானது. ஆனாலும் அந்தத் தொகுதியில் தேமுதிகதான் ஜெயித்தது. ஆட்சி மீது கோபமாக இருந்த வாக்காளர், வேட்பாளர் தரப்பின் முன்கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது கிடக்கட்டும், முதல்ல இந்த ஆட்சி போகணும்" என்ற மனநிலைதான் இருந்தது.

இறங்குமுகம்: 2012 முதல் 2016 வரை

2012 பிப்ரவரி 1ஆம் தேதி, சட்டமன்றம். பால் விலை, பேருந்துக் கட்டண உயர்வு பற்றி விவாதம். ஒவ்வொரு வீட்டின் மாதச் செலவையும் தொட்ட விஷயம் இது. எதிர்க்கட்சித் தலைவர் கோபப்பட வேண்டிய இடமும்தான். ஆனால் வாக்குவாதம் முற்றி, விஜயகாந்த் நாக்கைத் துருத்தி விரலை நீட்டிய காட்சிதான் மக்கள் மனதில் நின்றது. 10 நாள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். பால் விலை பற்றி அவர் என்ன கேட்டார் என்று இன்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், தெரியாது. நாக்கு மட்டும் நினைவிருக்கும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வீடு, வாசல் இழந்தவர்கள் நிர்வாகத்தின் மீது கடும் கோபத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் செய்தியாளர்களின் கேள்விக்குக் கோபப்பட்டு அவர்களைப் பார்த்து "தூ" என்று துப்பினார் விஜயகாந்த். அந்த வீடியோ மாநிலம் முழுக்கச் சுற்றியது. மக்களின் கோபம் ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருக்க, தலைவரின் கோபம் மைக் பிடித்து நின்றவர்கள் மீது பாய்ந்தது.

2016 பிப்ரவரியில் அதிருப்தி எம்எல்ஏக்கள் ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் பறிபோனது. மே மாதத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து முதல்வர் வேட்பாளராக நின்றார். கிடைத்த வாக்கு சுமார் 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் அவருக்கு மூன்றாம் இடம், டெபாசிட்டும் காலி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

இந்தச் சரிவுக்குக் கோபம் மட்டும்தான் காரணமா?

இல்லை. 2011ல் 29 சீட் கிடைத்ததில் அதிமுக ஓட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2016ல் அந்தத் துணை இல்லை. அவரது உடல்நலம் சரியில்லாமல் போனதும், பேச்சு தடுமாறியதும் பிரசாரத்தை பாதித்தன. தொகுதி எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை.

அதனால் வாக்கு சதவீதத்தைப் பார்ப்போம். 2006ல் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்று 8.38 சதவீதம். 2016ல் 104 தொகுதிகளில் மட்டும் நின்று 2.4 சதவீதம். இதே வேகத்தில் 234 தொகுதிகளிலும் நின்றிருந்தால் தோராயமாக 5.4 சதவீதம் வந்திருக்கும். அதுவும் வைகோ, திருமாவளவன், இடதுசாரிகள் என்று கூட்டணிக் கட்சிகளின் ஓட்டையும் சேர்த்து. அதாவது முதல் தேர்தலில் தனியாக வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோனது. கூட்டணிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் சரிவு உண்மைதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் இதைப் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. உளவியலாளர் லாரிசா டீடன்ஸ் 2001ல் வெளியிட்ட ஆய்வில், மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் பற்றி அதிபர் கிளிண்டன் பேசிய வீடியோக்களைப் பயன்படுத்தினார். ஒரு குழுவுக்குக் கிளிண்டன் கோபமாகத் தெரியும் காட்சி. இன்னொரு குழுவுக்கு அவர் வருத்தமாகத் தெரியும் காட்சி. கோபக் கிளிண்டனைப் பார்த்தவர்கள்தான் அவருக்கு அதிகம் ஆதரவு காட்டினார்கள். கோபப்படுபவரைத் திறமையானவர், உறுதியானவர் என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவரது முடிவு.

அரசியல் அறிவியலாளர் நிக்கோலஸ் வாலன்டினோவும் அவரது குழுவினரும் 2011ல் வெளியிட்ட ஆய்வு, பார்வையாளர் பக்கத்தைப் பேசுகிறது. பயம், உற்சாகம் இரண்டையும்விட கோபம்தான் மக்களை வீட்டைவிட்டு வெளியே இழுக்கிறது, கூட்டத்துக்கு வர வைக்கிறது, நன்கொடை கொடுக்க வைக்கிறது என்கிறது அது.

அப்படியென்றால் கோபம் நல்லதுதானே? ஒரு சிக்கல் இருக்கிறது. ஜார்ஜ் மார்கஸ் உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகளின்படி, கவலையில் இருப்பவர் புதுத் தகவலைத் தேடுகிறார், மனம் மாறவும் தயாராக இருக்கிறார். கோபத்தில் இருப்பவர் ஏற்கெனவே இருக்கும் பக்கத்திலேயே இன்னும் இறுக்கமாக நின்றுகொள்கிறார்.

இதை நம்ம ஊர் பாஷையில் சொன்னால், கோபம் சொந்தக் கட்சிக்காரரைப் பூத்துக்குக் கூட்டிவரும். எதிர்க்கட்சிக்காரரையும் நடுநிலை வாக்காளரையும் அதே வேகத்தில் கூட்டிவராது. 8 சதவீதம் வாங்க அது போதும். 40 சதவீதத்துக்குப் போதாது.

1996: பேச்சு வைகோவுக்கு, ஓட்டு மூப்பனார் பக்கம்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் 1996. ஜெயலலிதாவின் முதல் ஆட்சி மீது மக்கள் எவ்வளவு கோபத்தில் இருந்தார்கள் என்பதற்கு முடிவே சாட்சி. ஆளும் அதிமுக 4 இடங்களுக்குச் சுருங்கியது. முதல்வரே பர்கூரில் தோற்றார்.

அந்தத் தேர்தலில் உணர்ச்சி பொங்கப் பேசியதில் வைகோவை மிஞ்ச ஆள் இல்லை. 1993ல் திமுகவிலிருந்து அவர் நீக்கப்பட்டபோது தீக்குளித்து உயிரை விட்ட தொண்டர்கள் இருந்தார்கள். அவ்வளவு பற்று. 1994ல் மதிமுக தொடங்கி, 1996ல் தனி அணியாகக் களம் கண்டார். விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதி, சிவகாசி மக்களவைத் தொகுதி இரண்டிலும் தோற்றார். கட்சிக்கு ஒரு சட்டமன்ற இடம்கூடக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் யார் இருந்தார்கள்? அதிர்ந்து பேசாத மூப்பனார். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் தொடங்கிய அவரது தமிழ் மாநில காங்கிரஸ், திமுகவோடு சேர்ந்து 39 இடங்களைப் பிடித்தது. திமுக 173.

ஜெயலலிதா மீது கோபமாக இருந்த வாக்காளர், யார் சத்தமாகத் திட்டுகிறார் என்று பார்க்கவில்லை. யாருக்குப் போட்டால் ஆட்சி மாறும் என்று பார்த்தார். அதிக வாக்கு வாங்கியவருக்கே வெற்றி என்ற நம் தேர்தல் முறையில் இது இயல்புதான்.

அதே ஆண்டு மொடக்குறிச்சியில் நடந்ததும் இதே பாடம்தான். தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட, ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது. ஜெயித்தது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். விவசாயிகளின் கோபம் கவனத்தைப் பெற்றுத் தந்தது, சீட்டைப் பெற்றுத் தரவில்லை. அதன் பிறகு சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது.

1967: தெருவில் கோபம், மேடையில் அண்ணா

கோபம் ஆட்சியையே மாற்றிய தேர்தலும் உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, அரிசித் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து 1967ல் காங்கிரஸைக் கவிழ்த்தன. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

ஆனால் அந்தக் கோபத்தை அறுவடை செய்த அண்ணா, மேடையில் எதிரியைக்கூட மரியாதையோடு பேசுபவர் என்று பெயர் வாங்கியவர். அவர் செய்தது மூன்று வேலை. சுதந்திரா கட்சி முதல் மார்க்சிஸ்ட் வரை ஒரே அணியில் சேர்த்தார். அரிசி என்ற அன்றாடப் பிரச்சினைக்கு, ரூபாய்க்கு இத்தனை படி என்று கணக்காக வாக்குறுதி கொடுத்தார். மாணவர்களின் கோபத்துக்குத் தேர்தலில் ஒரு வழியும் காட்டினார். திமுகவுக்கு மட்டும் 137 இடங்கள்.

கெஜ்ரிவால்: கோபம் கொடுத்ததை மன்னிப்பு பெருக்கியது

தமிழ்நாட்டுக்கு வெளியே இந்தக் கேள்விக்குச் சிறந்த உதாரணம் டெல்லி. ஊழல் எதிர்ப்புப் போராட்டக் கோபத்தில் பிறந்த ஆம் ஆத்மி, 2013ல் 70க்கு 28 இடங்களைப் பிடித்தது. முதல்வரான பிறகும் கெஜ்ரிவாலின் போராட்ட முகம் மாறவில்லை. 2014 ஜனவரியில் போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை கேட்டு முதல்வரே தெருவில் தர்ணா உட்கார்ந்தார். பிப்ரவரி 14ஆம் தேதி, 49 நாளில் ராஜினாமா. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் டெல்லியின் 7 தொகுதிகளும் பாஜகவுக்குப் போயின. வாரணாசியில் மோடியிடம் கெஜ்ரிவால் தோற்றார்.

அதன் பிறகு அவர் செய்தது இந்திய அரசியலில் அபூர்வம். பதவியை விட்டு ஓடியது தவறு என்று தெருத்தெருவாக மன்னிப்பு கேட்டார். அடுத்த முறை 5 வருஷமும் இருப்பேன் என்றார். பேச்சு, ஊழல்வாதிகளைத் திட்டுவதிலிருந்து மின் கட்டணம், தண்ணீர் பக்கம் திரும்பியது. 2015ல் 70க்கு 67.

பத்து வருஷம் ஆட்சியில் இருந்த பிறகு, 2025ல் கட்சி 22 இடங்களுக்குச் சரிந்தது, அவரும் தோற்றார். மத்திய அரசு மீது கோபப்பட அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் குடிநீர், குப்பை, காற்று மாசு பற்றிய வாக்காளரின் கோபம் இப்போது அவர் பக்கம் திரும்பியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கோபத்தை விற்பது கஷ்டம்.

சீமான்: ஏறும் வாக்கு, ஏறாத சீட்

ஆவேசப் பேச்சால் ஒன்றுமே நடக்காது என்பவர்களுக்கு நாம் தமிழர் கட்சி ஒரு பதில். கூட்டணி இல்லாமல், பெரும்பாலும் பேச்சை மட்டுமே நம்பி, 2016ல் சுமார் 1 சதவீதம், 2019ல் சுமார் 4, 2021ல் 6.5க்கு மேல், 2024 மக்களவைத் தேர்தலில் 8க்கு மேல் என்று வாக்கு ஏறியது. தேர்தல் ஆணையத்தின் மாநிலக் கட்சி அங்கீகாரமும் கிடைத்தது.

ஆனால் இந்த நான்கு தேர்தல்களிலும் வென்ற இடம் பூஜ்ஜியம். விஜயகாந்த் 2006லும் 2009லும் நின்ற அதே படிக்கட்டு இது. கொள்கைக்காகத் தனித்து நிற்பது என்று கட்சி அதற்கு விளக்கம் சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும், கோபம் ஒரு கட்சியை 8 சதவீதம் வரை கொண்டுவரும் என்பதும், அதற்கு மேலே ஏற வேறு ஏணி வேண்டும் என்பதும் இரண்டு முறை நிரூபணமாகியிருக்கிறது.

பெண் தலைவர் கோபப்பட்டால்?

இங்கே அளவுகோலே மாறிவிடுகிறது. விக்டோரியா பிரெஸ்கால், எரிக் உல்மன் இருவரும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், வேலையிடத்தில் கோபப்படும் ஆணின் மதிப்பு உயர்ந்தது, அதே கோபத்தைக் காட்டிய பெண்ணின் மதிப்பு இறங்கியது. ஆணுக்கு அது "கம்பீரம்", பெண்ணுக்கு "திமிர்". ஆனால் எதற்காகக் கோபப்பட்டார் என்ற வெளிக்காரணம் தெளிவாகத் தெரிந்தபோது பெண்ணின் மீதான அந்தப் பாரபட்சம் குறைந்தது.

1989 மார்ச் 25ஆம் தேதி சட்டமன்றத்தில் தாக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டி, முதல்வராகத்தான் திரும்பி வருவேன் என்று சபதம் போட்டு வெளியேறினார் ஜெயலலிதா. திமுக தரப்பு அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. 1991ல் அவர் முதல்வரானார். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிந்தைய அனுதாப அலையும் காங்கிரஸ் கூட்டணியும் அதில் பெரும் பங்கு வகித்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்ததாக அவருக்கு வாக்களித்த பெண்கள் நம்பினார்கள்.

மேற்கு வங்கத்தில் மம்தா பானர்ஜியின் ஆவேசத்தைப் பல வருஷம் கேலி செய்தவர்கள் உண்டு. 2006ல் சிங்கூர் விவசாய நிலத்துக்காக 26 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. 2011ல் இடதுசாரிகளின் 34 ஆண்டு ஆட்சி முடிந்தது.

அப்போ அமைதியாக இருந்தால் போதுமா?

அதுவும் இல்லை. குரலை உயர்த்தாமலேயே ஒடிசாவில் 2000 முதல் 2024 வரை முதல்வராக இருந்தார் நவீன் பட்நாயக். அமைதியே அவர் அடையாளம். அதே அமைதிதான் 2024ல் "முதல்வர் மக்களைச் சந்திப்பதில்லை, அவர் பெயரில் வேறு யாரோ ஆள்கிறார்கள்" என்ற எதிர்க்கட்சிகளின் பிரசாரத்துக்கு வசதியானது. 147ல் 78 இடங்களோடு பாஜக ஆட்சியைப் பிடித்தது. மக்கள் கொதிக்கும்போது தலைவர் சும்மா இருந்தால், அது அலட்சியமாகத்தான் தெரியும்.

வாக்காளர் கவனிக்க வேண்டியது என்ன?

செல்போன் காலத்தில் கோபத்துக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது. ஒரு மணி நேரப் பேச்சில் 30 வினாடி கோபம்தான் ரீல்ஸாக வெட்டப்பட்டு உங்கள் கைக்கு வருகிறது. மீதி 59 நிமிஷத்தில் அவர் என்ன சொன்னார் என்பது வருவதில்லை. அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இவர் யாருக்காகக் கோபப்படுகிறார்? பால் விலைக்கா, தன்னைக் கேள்வி கேட்டதற்கா?

இரண்டு, யார் மேல் கோபப்படுகிறார்? அதிகாரத்தில் இருப்பவர் மேலா, பக்கத்தில் நிற்கும் தொண்டர், மைக் நீட்டும் நிருபர், எதிர்த்துப் பேச முடியாத ஒரு சமூகத்தின் மேலா? இதில் கடைசி வகைக் கோபம் சில இடங்களில் ஓட்டும் வாங்கித் தருகிறது. அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கேள்வி முக்கியம்.

மூன்று, கோபப்பட்ட பிறகு என்ன செய்யப் போகிறார்? அண்ணாவிடம் அரிசிக் கணக்கு இருந்தது. 2015 கெஜ்ரிவாலிடம் மின் கட்டணக் கணக்கு இருந்தது. இவரிடம் என்ன இருக்கிறது?

2023 டிசம்பர் 28ஆம் தேதி விஜயகாந்த் காலமானபோது சென்னையில் திரண்ட கூட்டம் அவரது கடைசித் தேர்தல்கள் எதிலும் ஓட்டாக மாறாத கூட்டம். வரிசையில் நின்றவர்கள் பேசியது அவர் போட்ட சாப்பாடு பற்றி, செய்த உதவி பற்றி. மக்கள் அவரை வெறுத்ததால் அவர் தோற்கவில்லை. தங்கள் வீட்டுப் பிரச்சினையை இவர் தீர்ப்பார் என்ற நம்பிக்கை நடுவில் எங்கேயோ விட்டுப்போனது. அந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர, சத்தமான குரல் மட்டும் போதவில்லை.